மூட்டையின் விக்கல்

என் வீட்டுக்காரருக்கு அழ வராது. கல் மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மனசு தாங்காமல் போனால் மற்றவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும், இவருக்கு விக்கல் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். சின்னதாக இரண்டு, பெரிதாக ஒன்று, கடைசியில் மூக்கு வழியாக விசில் மாதிரி ஓர் இழுப்பு. பிறகு மறுபடியும் முதலிலிருந்து. எங்கள் கல்யாணத்தன்று நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதபோது பக்கத்தில் நின்று இவர் விக்கினார். விருந்தில் காரம் கூடிவிட்டது என்று சமையல்காரருக்குத் திட்டு விழுந்தது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர் விக்கிய விக்கலைக் கேட்டு நர்ஸ் என்னை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார். "பிள்ள பெத்தது நானா, அவரா?" என்று உள்ளேயிருந்து கத்தினேன். அன்றிலிருந்து என் கைப்பையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். விக்கல் கேட்டதும் மூடியைத் திறந்து நீட்டுவது என் கைக்குப் பழகிவிட்டது.

இவர் செய்யும் வேலையைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். சினிமாவில் கூட்டத்துக்குக் குரல் கொடுப்பவர். படத்தில் ஊர் பற்றி எரியும்போது பின்னால் "ஐயோ, ஓடுங்க ஓடுங்க!" என்று நாலா பக்கமும் கத்தல் கேட்கிறதல்லவா, அதில் பாதி இவர். சந்தையில் பேரம் பேசுகிறவர், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர், நீதிபதி தீர்ப்புச் சொன்னதும் "ஆ!" என்று வாயைப் பிளக்கிறவர்கள் எல்லாம் இவரே. ஆடு, மாடு, நாய், தூரத்தில் அழும் கைக்குழந்தை ஆகியவை கொசுறு. ஒரே ஆள் ஊரே திரண்டு வந்தாற்போல் கத்துவதால் டப்பிங் தியேட்டரில் இவருக்குப் பட்டப்பெயர் 'கும்பல்'. "கும்பல் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். இவர் ஒற்றை ஆளாக, கையில் சாப்பாட்டு டப்பாவோடு போய் நிற்பார்.

ஒத்திகை எல்லாம் எங்கள் வீட்டுக் குளியலறையில்தான். அங்கேதான் எதிரொலி நன்றாக இருக்குமாம். ஒருநாள் கீழ் வீட்டு அம்மா படியேறி வந்துவிட்டார்.

"மாடியில மாடு வளக்கக் கூடாதுன்னு வீட்டு ஓனர் சொல்லித்தானே வாடகைக்கு விட்டாரு?"

"அது மாடு இல்லங்க, எங்க வீட்டுக்காரர்."

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், நான் தினமும் அடி வாங்குகிறவள் என்று முடிவுகட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னைக் கண்டாலே "எதுவானாலும் கதவத் தட்டும்மா" என்று குசுகுசுப்பார்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க வருகிறவர்களை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தால் அதே கேள்வியை இவரிடம் கேட்க வேண்டியிருக்கும். ஏனென்றால் இவர் குரல் எந்தப் படத்திலும் தெளிவாகக் கேட்டதே கிடையாது. டிவியில் இவர் வேலை செய்த படம் ஓடும்போது ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நுனி சோபாவில் உட்காருவார்.

"இதோ, இதோ, இப்ப வரும். ரெண்டாவது 'ஓடுங்க' நான்."

மகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். "அப்பா, அது பொம்பளக் குரல்."

"ஆமாம்மா. அதுவும் நான்தான். அதுக்குக் கீழ லேசா ஒண்ணு கேக்குதில்ல?"

எங்கே கேட்கிறது? குண்டு வெடிக்கும், குதிரை ஓடும், பாட்டுக்காரர்கள் வயலினைப் போட்டு அறுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் "எங்கப்பா சினிமாவுல இருக்காரு" என்று மகள் எல்லோரிடமும் பெருமையடித்தாள். எந்தப் படம், எந்த இடம் என்று கூட்டாளிகள் குடைந்தார்கள். இவள் காட்டிய இடத்தில் ஓர் இரைச்சல்தான் இருந்தது. இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கம்பெனி வேலை" என்று சொல்லிவிடுகிறாள். அது இவர் காதில் விழுந்த அன்று இரண்டு விக்கல் வந்தது. நான் பாட்டிலை நீட்டினேன்.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் விற்கிற கடை வைத்திருக்கிறார். பெரிய கடை. அண்ணன் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், ஆனால் தங்கமான மனுஷர். மச்சானும் மாப்பிள்ளையும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதை வேறெங்கும் பார்க்க முடியாது. அந்தப் பாசத்தில்தான் அண்ணனுக்கு இவருடைய பிழைப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வரும்போதெல்லாம் ஒரே பல்லவி.

"மாப்ள, தொண்ட கிழியக் கத்தி என்ன கண்டீங்க? நம்ம கடைல வந்து கல்லாப்பெட்டிகிட்ட உக்காருங்க. ஏசி இருக்கு, சுழல் நாற்காலி இருக்கு. நீங்க வாயவே தொறக்க வேணாம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு ஆகாது. இந்த மனுஷர் வாயைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க நாற்காலியில் சுழல்வதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாடு மாதிரிக் கத்துகிறார் என்று நானே தலையில் அடித்துக்கொள்வேன், அது வேறு விஷயம். நான் சொல்லலாம், அண்ணன் சொல்லக் கூடாது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மாயாஜாலப் படம் வந்தது. ஒரு மலையளவு மிருகத்துக்கு இவர் குரல் கொடுக்க வேண்டுமாம். கூட்டம் இல்லை, கும்பல் இல்லை, ஒரே ஒரு ஜீவன், அதற்கு ஒரே ஒரு குரல். போனை வைத்துவிட்டு இவர் வீட்டுக்குள் ஓடிய ஓட்டத்தில் துணி காயப்போட்டிருந்த கொடி அறுந்து விழுந்தது. தலையில் என் புடவையோடு நின்று கதை சொன்னார்.

மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பெண். ஒரு பாறை பிளந்து அதிலிருந்து ஒரு குட்டி வருகிறது. உருண்டையாக, ரோமமாக, எப்போது பார்த்தாலும் தூங்கிக்கொண்டு. அந்தப் பெண் அதற்கு 'மூட்டை' என்று பெயர் வைக்கிறாள். மூட்டை வளர்ந்து மலை போல ஆகிறது, சிறகு முளைக்கிறது, ஊரை எதிரிகளிடமிருந்து காப்பாற்றுகிறது. சண்டை முடிந்த களைப்பில் குகைக்குள் போய்ப் படுத்துத் தூங்கிவிடுகிறது. அதற்கு ஒரு தூக்கம் என்றால் மனுஷருக்கு ஓர் ஆயுள். மறுபடி அது கண்ணைத் திறக்கும்போது அந்தச் சின்னப் பெண் கிழவியாகிவிட்டிருக்கிறாள்.

"அப்புறம்?" என்றாள் மகள்.

"அதுதான் தெரியல. எங்களுக்கு எப்பவும் துண்டு துண்டாத்தான் காட்டுவாங்க. முழுக் கதைய யாரு காட்டுறா?"

ரெக்கார்டிங் அன்று எனக்குக் கடை விடுமுறை. சாப்பாட்டை நானே கொண்டுபோனேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார்கள். இயக்குநர் ஓர் இளம்பெண். கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் என் வீட்டுக்காரர், காலி தண்ணீர் கேனுக்குள் வாயை விட்டு உறுமிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, என் ஸ்டூல் அதிர்ந்தது. எங்கள் குளியலறையில் இவ்வளவு திறமை வீணாகிக்கொண்டிருந்ததா என்று முதல்முறையாக எனக்குத் தோன்றியது.

உறுமல், சீறல், கொட்டாவி எல்லாம் மளமளவென்று முடிந்தன. கடைசியில் ஒரே ஒரு சத்தம் பாக்கி. தூங்கி எழுந்த மூட்டை கிழவியை அடையாளம் கண்டுபிடிக்கும்போது போடும் சத்தம். பசு கன்றைத் தேடுவது போலக் கொடுத்தார். "நல்லாருக்கு கும்பல் அண்ணா, ஆனா இது இல்ல." நாய் முனகுவது போலக் கொடுத்தார். "இதுவும் இல்ல." யானை, புறா, கதவுக் கீல் என்று தெரிந்ததையெல்லாம் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இவர் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒண்ணு பண்ணுவோம். மியூசிக்கோட முழு சீனையும் அவருக்கு ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க," என்றாள் இன்ஜினியரிடம். "ரெக்கார்ட் வேணாம். சும்மா பாக்கட்டும்."

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. இத்தனை வருஷத்தில் இவர் ஒரு காட்சியை ஒட்டுமொத்தமாக அங்கே நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும்தான். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் கேட்டது. சின்னதாக இரண்டு. பெரிதாக ஒன்று. விசில்.

இன்ஜினியர் மைக்கை அணைக்கவே இல்லை. இவர் வாய்க்கு நேரே அது சிவப்பு விளக்கோடு விழித்துக்கொண்டிருந்தது. ரெக்கார்ட் ஆகிற இடத்தில் இருமினாலே கொலைக்குற்றம், இவர் பாட்டுக்கு வரிசையாக விக்குகிறார். நான் பதறிப்போய்ப் பாட்டிலை எடுத்துக் கண்ணாடியில் டொக் டொக்கென்று தட்டினேன். இவர் என்னைக் கவனிக்கவே இல்லை. திரையையே பார்த்தபடி விக்கிக்கொண்டு நின்றார்.

விளக்கு வந்தது. "மன்னிச்சுக்கங்கம்மா, கெடுத்துட்டேன். தண்ணி குடிச்சா சரியாயிடும்," என்று இவர் கைகூப்பினார். இயக்குநர் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு, "போதும்ணா. நீங்க கெளம்புங்க," என்றாள். எனக்கு வந்ததே கோபம்! காலையிலிருந்து தொண்டையைக் கிழித்துக்கொண்ட மனுஷரிடம் முகம் கொடுத்து ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? சாப்பாட்டு டப்பாவைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்தோம்.

கொஞ்ச நாளில் அண்ணன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு பெரிய ஹீரோ படம் போட்டு, அந்த மிருகத்துக்குக் குரல் கொடுப்பது அவர்தான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அண்ணன் அதைச் சத்தமாக வாசித்தார். கீழ் வீட்டு அம்மா உட்பட எல்லோருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

"அப்போ உங்க குரல்?"

"தூக்கியிருப்பாங்க மச்சான்."

"ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்," என்றேன் நான்.

"கேட்டா இல்லன்னு சொல்லிடுவாங்களே," என்றார் இவர். என்ன பதில் பாருங்கள் இது!

அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். "மாப்ள, கடைசியா கேக்கறேன். மொத நாளே எல்லாரும் படத்துக்குப் போவோம். ஒரே ஒரு இடத்துல உங்க குரல் தெளிவா கேட்டுச்சுன்னா நான் இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். கேக்கலன்னா ஒண்ணாந்தேதி கடைக்கு வந்துடணும். சம்மதமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் "சரி மச்சான்" என்றுவிட்டார். எனக்கு இவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்க வேண்டும் போல இருந்தது. மகள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள். அன்றைக்குக் குளியலறையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது. மாடு கத்தவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்று நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களிடம் என் கோபத்தைக் காட்டினேன்.

முதல் நாள், மதியக் காட்சி. தியேட்டரில் நிற்க இடமில்லை. நான், இவர், மகள், அண்ணன் என்று வரிசையாக உட்கார்ந்தோம். நீதிபதி மாதிரி அண்ணன் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார்.

பாறை பிளந்தது, குட்டி வந்தது, தியேட்டர் "ஓ" என்று குழைந்தது. மூட்டை வளர்ந்து முதல் உறுமல் உறுமியபோது கூரை பறக்கும்படி விசிலடித்தார்கள். ஹீரோவின் குரலாயிற்றே. அண்ணன் எட்டிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இது?"

"நான் இல்ல மச்சான்."

எதிரிகள் வந்து ஊரைக் கொளுத்தினார்கள். ஜனங்கள் "ஓடுங்க ஓடுங்க" என்று அலறினார்கள். எனக்கு உயிர் வந்தது, அண்ணனுக்கும் நம்பிக்கை வந்தது. "ரெண்டாவது 'ஓடுங்க'?" என்றார்.

"இல்ல மச்சான். இதுல கூட்டத்துக்கு வேற ஆள்."

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். ஓர் 'ஆமாம்' சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பல்லை நறநறவென்று கடித்தேன். இடைவேளையில் எல்லோருக்கும் பாப்கார்ன் வாங்கிவந்து, ஏதோ பிரிவுபசார விருந்து போலக் கையில் கொடுத்தார். அண்ணனுக்கும் மனசு கேட்கவில்லை. "மாப்ள, ஜன்னல் ஓரமாவே நாற்காலி போட்டுத் தர்றேன். தெருவ வேடிக்க பாத்துட்டு இருக்கலாம்," என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனசு. நான்தான் பாப்கார்னைத் தொடாமல் அப்படியே கீழே வைத்தேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது.

குகை. மழை. மூட்டை கண்ணைத் திறக்கிறது. எதிரே குடை பிடித்துக்கொண்டு ஒரு கிழவி நிற்கிறாள். அது அவளைப் பார்க்கவே இல்லை. அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்க்கிறது. அவளுக்குப் பின்னால் பார்க்கிறது. சின்னப் பெண் எப்போதும் ஒளிந்து விளையாடும் பாறை ஒன்று உண்டு. அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு போய், மூக்கால் அந்தப் பாறையைப் பதமாகப் புரட்டிப் பார்க்கிறது. அடியில் யாருமில்லை. இருந்த இடத்திலேயே பாறையைத் திரும்ப வைக்கிறது. தியேட்டரில் அங்கங்கே மூக்கு உறிஞ்சும் சத்தம் ஆரம்பித்துவிட்டது. கிழவி தான் யார் என்று சொல்லவில்லை. மெல்ல நடந்து வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்து, சின்ன வயதில் சாய்வது போலவே அதன் முன்னங்காலில் முதுகைச் சாய்க்கிறாள். "எவ்வளவு நேரம்தான் தூங்குவே, மூட்டை?" என்கிறாள்.

மூட்டை குனிந்து அவள் கையை மோந்து பார்க்கிறது. இசை நின்றுவிட்டது. மழைச் சத்தம்கூட இல்லை.

சின்னதாக இரண்டு. பெரிதாக ஒன்று. விசில்.

ஐயோ, எனக்கு என்ன ஆயிற்று என்று எப்படிச் சொல்வேன்! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் கல்யாண மேடையில் கேட்ட சத்தம், ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட சத்தம், அது அந்த மலையளவு உடம்பிலிருந்து வருகிறது, அவ்வளவு பெரிய தியேட்டர் அதைக் கேட்டு விம்மி விம்மி அழுகிறது! ஒரு குண்டூசி விழுந்தாலும் கேட்கும் அமைதியில், அவ்வளவு தெளிவாக. மகள் இருக்கையை விட்டு எழுந்தேவிட்டாள். "அம்மா! அப்பா! அம்மா, அப்பா!" என்று உளறினாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பீறிட்டது. மூட்டை மறுபடி விக்கியது. நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். யாருக்குத் தண்ணீர் கொடுப்பது, இதற்கு எத்தனை லாரி தண்ணீர் வேண்டும் என்று நினைத்ததும் இன்னும் குலுங்கினேன்.

அப்போதுதான் பக்கத்திலிருந்தும் அதே சத்தம் வந்தது. சின்னதாக இரண்டு, பெரிதாக ஒன்று. என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

திரையில் மூட்டை ஒன்று விக்கினால் கீழே இவர் ஒன்று விக்குகிறார். மூட்டை விசிலடித்தால் இவரும் விசிலடிக்கிறார். அச்சு அசல். முன்வரிசைக்காரர் சட்டென்று திரும்பினார். "யோவ், யாருய்யா அது? மனுஷன் அழற எடத்துல கிண்டல் பண்றது?"

"மிமிக்ரி பண்ற எடமா இது?"

"வெளிய போய்ப் பண்ணச் சொல்லுங்க!"

பக்கத்தில் நான் வேறு சிரித்துத் தொலைக்கிறேன். சும்மா விடுவார்களா? டார்ச் வெளிச்சம் நேராக இவர் முகத்தில் வந்து விழுந்தது. தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர் வந்துவிட்டார். "எந்திரிங்க. வெளிய வாங்க," என்றார். இவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கைக்குட்டையை வாயில் அமுக்கிக்கொண்டு, வரிசை முழுக்க எல்லோருடைய முழங்காலிலும் இடித்து, "மன்னிச்சுக்கங்க, விக், மன்னிச்சுக்கங்க," என்று குனிந்து குனிந்து வெளியே போனார். தன் குரலுக்கு ஊரே அழுதுகொண்டிருந்த தியேட்டரிலிருந்து அந்தக் குரலுக்காகவே துரத்தப்பட்டார். நானும் மகளும் பின்னாலேயே ஓடினோம்.

வெளியே வந்ததும் அந்த டார்ச்காரர் பொரிந்து தள்ளினார். "வெக்கமா இல்ல? காலைலருந்து ரெண்டாவது ஷோ, ரெண்டு தடவயும் அந்த எடத்துல நானே அழுதுட்டேன். நீங்க அத வெச்சு விளையாட்டு காட்டுறீங்க!" சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, அது எங்கப்பாதான்!" என்றாள் மகள்.

"எதும்மா?"

"மூட்ட! மூட்ட எங்கப்பா!"

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளைக்கு ஏதாவது வைத்தியம் பார்க்கிறீர்களா என்கிற மாதிரி ஒரு பார்வை. அதற்குள் கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தார். கண் இரண்டும் சிவந்து, மூக்கு வீங்கி, மீசையெல்லாம் ஈரம். எங்கள் அப்பா போனபோதுகூட அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. நேராக டார்ச்காரரிடம் போனார்.

"யார வெளிய அனுப்பியிருக்கீங்க தெரியுமா? உள்ள அழுதுட்டு இருக்கே ஒரு மிருகம், அது இவருதான்யா! எங்க வீட்டு மாப்பிள்ளை! என் தங்கச்சி புருஷன்!"

பாப்கார்ன் விற்கிறவர்கூட மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். டார்ச்காரர் அசரவில்லை. "அந்த ஹீரோதான் குரலுன்னு பேப்பர்லயே போட்டிருக்கே. சரி, நீங்கதான்னா ஒரு தடவ செஞ்சு காட்டுங்க பாப்போம்."

எல்லோரும் இவரைப் பார்த்தோம். இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. விக்கல் நின்றுபோயிருந்தது! தொண்டையைக் கனைத்து, மூச்சை இழுத்து, முயன்று பார்த்தார். பழைய பம்பு அடிக்கிற மாதிரி ஏதோ ஒரு சத்தம் வந்தது. "அது கேட்டா வராதுங்க. அதுவா வரணும்," என்றார். அதற்குப் பதிலாக ஓர் உறுமல் வேண்டுமானால் தருகிறேன் என்று தியேட்டர் கண்ணாடி அதிர ஒன்று கொடுத்தார். பாப்கார்ன்காரர் கையிலிருந்த டப்பா கீழே விழுந்தது. டார்ச்காரர் மட்டும், "உறுமல் எல்லாரும் உறுமலாம் சார், விக்கல் எங்க?" என்று நின்றார்.

எனக்கு இருந்த ஆத்திரத்தில் அவர் டார்ச்சைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அண்ணன்தான் குறுக்கே வந்தார். இவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல், பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"மாப்ள. ஒண்ணாந்தேதி நீங்க கடைப் பக்கம் வந்தீங்கன்னா, கால ஒடச்சுடுவேன்."

இவர் அண்ணன் முகத்தையே பார்த்தார். மகள் வந்து அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டு, "அப்பா, நாளைக்கு எங்க க்ளாஸ் மொத்தத்தையும் இந்தப் படத்துக்குப் போகச் சொல்லப் போறேன்," என்றாள். "எந்த எடம்னு நான் காட்டவே வேணாம். அவங்களே அழுவாங்க."

இவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. நெஞ்சு தூக்கிப் போட்டது.

சின்னதாக இரண்டு. பெரிதாக ஒன்று. விசில்.

டார்ச்காரர் டார்ச்சை அணைத்தார். கதவைத் திறந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உள்ள போங்க சார், இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றார். இவர் அசையவில்லை, அசைய முடியவில்லை, நின்ற இடத்திலேயே வரிசையாக விக்கிக்கொண்டிருந்தார். பாப்கார்ன்காரர் ஓடிவந்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். என் கையும் பழக்கத்தில் தானாகப் பைக்குள் போய்ப் பாட்டிலைத் தொட்டிருந்தது.

பாட்டிலை அப்படியே விட்டுவிட்டுப் பையை மூடினேன். "தண்ணி வேணாங்க," என்றேன். "வரட்டும், விடுங்க."